ஹெட்லைட் வெளிச்சம் பத்தலையா? பல்ப மாத்தறதுக்கு முன்னாடி வயர பாருங்க

ஈரோடு மாவட்டத்துல கோபியில இருந்து சத்தியமங்கலத்துக்கு நைட்ல வண்டி ஓட்டுனவங்களுக்குத் தெரியும், கரும்பு சீசன்ல அந்த ரோட்டுல எதிர்ல வர்ற லாரிய விட முன்னாடி போற டிராக்டர்தான் பயம். டெயில் லைட் இருக்காது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தொங்கற தோகை அதை மறைச்சிருக்கும், டிரைவர் டீ குடிக்க ரோட்டோரமா பாதி ரோட்டுலயே நிறுத்திட்டு போயிருப்பாரு. அப்படி நின்னுட்டு இருந்த ஒரு டிரெய்லர் பின்னாடி ஒரு நாள் நான் வண்டிய நிறுத்துனப்ப, எனக்கும் கரும்புக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருந்துச்சு. என்னோடது 2012 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக், ஸ்பீடு ஒண்ணும் பெருசா இல்ல, அறுபதுக்குள்ளதான். அடுத்த நாளே ஹெட்லைட் மாத்தணும்னு கிளம்பிட்டேன், அங்கதான் தப்பு பண்ணேன்.

நேரா ஒரு கடைக்குப் போயி, டப்பா மேல என்னென்னமோ லூமன் (வெளிச்சத்தோட அளவு) கணக்கு போட்டிருந்த ஒரு எல்இடி பல்ப வாங்கி மாட்டிட்டு வந்தேன். வீட்டு வாசல்ல பாத்தா பகல் மாதிரி இருக்கு, எதிர் வீட்டு செவுரு பளபளன்னு இருக்கு, எனக்கு ஒரே சந்தோஷம். ரோட்டுக்கு போனா முன்னாடி பத்தடிக்கு வெள்ளையா பால் ஊத்துன மாதிரி வெளிச்சம், அதுக்கு அப்பால ஒண்ணுமே இல்ல, எதிர்ல வர்றவன் எல்லாம் டிம் அடி டிம் அடின்னு லைட்ட அடிச்சு காட்டறான், நான் டிம்லதான் போயிட்டு இருக்கேன். மழை பேஞ்ச அன்னைக்கு இன்னும் மோசம், தார் ரோடு வெளிச்சத்த அப்படியே குடிச்சுட்ட மாதிரி இருந்துச்சு.

அப்புறம் எங்க ஊர்ல ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பாக்கற ஒரு அண்ணன்கிட்ட போனேன். அவரு பல்பையே பாக்கல. பழைய ஆலஜன் (உள்ள ஃபிலமென்ட் இழை சூடாகி எரியற வகை) பல்ப எடுத்து திரும்ப மாட்டச் சொன்னாரு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி லைட்ட போட்டுட்டு வோல்டேஜ் பாக்கற மீட்டர எடுத்து பேட்டரியில வெச்சாரு, 13.8 வோல்ட். பல்ப் ஹோல்டர்ல பின்னாடி இருந்து முனைய சொருகி வெச்சாரு, 11.9. "தம்பி, பல்பு நல்லாத்தான் இருக்கு, அதுக்கு நீ சோறு போடல"ன்னாரு. இந்த கட்டுரையில நான் சொல்லப் போறது பூரா அந்த ஒரு வரியோட விளக்கம்தான்.

ஆலஜன் பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் ரொம்ப குறையும். வோல்டேஜ் பத்து பர்சன்ட் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது பர்சன்ட் போயிரும். என் வண்டியில 13.8 வர வேண்டிய இடத்துல 11.9 வந்துட்டு இருந்துச்சு, கணக்குப்படி பத்துல நாலு பங்கு வெளிச்சம் வயர்லயும் ஸ்விட்ச்லயுமே காணாம போயிட்டு இருந்துச்சு. அதாவது நான் காசு குடுத்து வாங்க அலைஞ்ச வெளிச்சம் ஏற்கனவே வண்டியிலதான் இருந்துச்சு, பல்பு வரைக்கும் வந்து சேரல.

சரி, வரிசையா வர்றேன். முதல்ல காசில்லாத வேலை.

ஹெல்மெட் வைசர ஒரு தடவ வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாருங்க. பொடிப் பொடியா கீறல் இருந்தா எதிர்ல வர்ற லைட் ஒவ்வொண்ணும் அந்தக் கீறல்ல சிதறி நட்சத்திரம் மாதிரி அடிக்கும், நீங்க எவ்வளவு பெரிய லைட் போட்டாலும் அது தீராது. வைசர் மாத்தறது நாலஞ்சு நூறு ரூபாய்ல முடியற வேலை, கறுப்பு வைசர நைட்ல போடறவங்களுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அப்படியே கண்ணையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க, சின்ன பவர் பகல்ல தெரியாது, நைட்லதான் காட்டும். அடுத்து ஹெட்லைட் கிளாஸ். வெளிய தொடைச்சா போதாது, உள்பக்கம் புகை மாதிரி படிஞ்சிருக்கும், ரிஃப்ளெக்டர்ல வெள்ளிப் பூச்சு கருத்திருந்தா இல்ல உரிஞ்சிருந்தா அதை எதுவும் காப்பாத்த முடியாது, மொத்தமா மாத்தணும். உள்ள துணி போட்டு தேய்க்காதீங்க, அந்த பூச்சு ரொம்ப மெல்லிசு, துணியோடவே வந்துரும்.

அடுத்தது லைட் எங்க பாக்குதுங்கறது. இத யாருமே செய்யறதில்ல, ஆனா ரிலேக்கு (அது என்னன்னு கீழ சொல்றேன்) அடுத்து எனக்கு அதிக வித்தியாசம் காட்டுனது இதுதான். முதல்ல ரெண்டு டயர்லயும் காத்து சரியா அடிச்சுக்கங்க. சமதரையில, ஒரு செவுத்துக்கு நேரா, ஹெட்லைட்டுக்கும் செவுத்துக்கும் 5 மீட்டர் இருக்கற மாதிரி வண்டிய நிறுத்துங்க. சைடு ஸ்டாண்ட்லயோ சென்டர் ஸ்டாண்ட்லயோ வெச்சு பாக்கக் கூடாது, நீங்க மேல உக்காந்து வண்டிய நேரா புடிக்கணும், ஏன்னா உங்க வெயிட்டுல பின் சாக்அப்சர்பர் அமுங்கி மூக்கு தூக்கும். தரையில இருந்து ஹெட்லைட்டோட நடு மையம் எவ்வளவு உயரம்னு டேப்ல அளந்து, அதே உயரத்துல செவுத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போடச் சொல்லுங்க. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5ல இருந்து 10 சென்டிமீட்டர் கீழ இருக்கணும். கோட்டுக்கு மேல போச்சுன்னா எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது, ரொம்ப கீழ இருந்தா உங்க முன் டயருக்கு மட்டும் டார்ச் அடிச்சுட்டு போறீங்க. அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூ எங்க இருக்குங்கறது வண்டிக்கு வண்டி மாறும், ரிம்ல ஒண்ணு இருக்கும் இல்லன்னா டூமுக்கு, அதாவது ஹெட்லைட் கூட்டுக்கு, சைடுல போல்ட் இருக்கும், மேனுவல்ல போட்டிருப்பாங்க.

பின்னாடி ஆள் ஏறுனா இந்த கணக்கு பூரா மாறிடும். வீட்டுக்காரம்மாவோட நைட்ல ஊருக்கு போறப்ப எல்லாரும் லைட் அடிச்சு திட்டறாங்கன்னா காரணம் இதுதான், பின்பக்கம் இறங்கி பீம் மேல ஏறியிருக்கும். சாக்அப்சர்பர்ல பிரீலோட், அதாவது ஸ்பிரிங் இறுக்கத்த கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தா ரெண்டு நாட்ச் ஏத்திக்கங்க.

இப்ப பல்புக்கு வரலாம். நம்ம ஊர் பைக்ல ரெண்டு வகை ஆலஜன்தான் அதிகம். புல்லட், கிளாசிக் மாதிரி பெரிய ஹெட்லைட் வண்டியில எச்4, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். கம்யூட்டர் பைக்ல, அதாவது தினமும் வேலைக்கு போக வர ஓட்டற சின்ன வண்டியில, நிறைய எச்எஸ்1, ரெண்டுக்கும் 35 வாட். பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா காலர்ல, அதாவது பல்ப சுத்தி இருக்கற தகடு வளையத்துல, இருக்கற காது வேற. எச்4 பல்பு டிம்ல கிட்டத்தட்ட 1000 லூமன், எச்எஸ்1 அதுல பாதிதான் தரும், பிரைட்லயும் அதே பாதி கணக்குதான். அதனால கம்யூட்டர் பைக் வெச்சிருக்கறவங்க காதை ராவிட்டு எச்4 மாட்டறத நிறைய பாத்திருக்கேன். உக்காரும், எரியும், வெளிச்சமும் வரும். ஆனா அந்த ஹெட்லைட்ல ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக், 35 வாட் சூட்டுக்குதான் பண்ணியிருக்காங்க, கொஞ்ச நாள்ல பல்புக்கு மேல மஞ்சளா ஒரு கறை விழும், அப்புறம் வெள்ளி கொப்புளிக்கும், ஹோல்டர் உருகும். ஆறு மாசத்துல முன்ன இருந்த வெளிச்சமும் போயிரும்.

உங்க வண்டி ஹெட்லைட் ஏசியா டிசியாங்கறதையும் தெரிஞ்சுக்கணும். பழைய சின்ன வண்டிகள்ல ஹெட்லைட்டுக்கு கரண்ட் பேட்டரியில இருந்து வராது, இன்ஜின்ல கரண்ட் தயாரிக்கிற காயில்ல இருந்து நேரா வரும், அதுதான் ஏசி, பேட்டரியில இருந்து வந்தா டிசி. ஏசி வண்டியில ஆக்சிலேட்டர முறுக்குனா லைட் ஏறும், விட்டா மினுக்மினுக்னு இறங்கும், ஸ்பீட் பிரேக்கர்ல ஸ்லோ பண்ற நேரத்துல, அதாவது எப்ப வெளிச்சம் ரொம்ப வேணுமோ அப்ப, இருக்காது. இன்ஜின் ஆஃப்ல சாவி போட்டா லைட் எரிஞ்சுதுன்னா டிசி. எரியலன்னா உடனே ஏசின்னு முடிவு பண்ணிடாதீங்க, 2017 ஏப்ரல் 1ல இருந்து வர்ற புது டூவீலர்ல இன்ஜின் ஓடுனா லைட் தானா எரியணும்னு சட்டம், அதுல பல வண்டியில இன்ஜின் ஸ்டார்ட் ஆனாத்தான் லைட் வரும். மீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு ஹோல்டர்ல பாத்தா சந்தேகம் தீந்துரும். ஏசி வண்டின்னா கீழ சொல்ற ரிலே வேலை அப்படியே பொருந்தாது, முதல்ல டிசிக்கு மாத்தணும், அதுக்கு ரெகுலேட்டர் மாத்தி காயில் வயரிங்லயும் கை வைக்கணும், அந்த வேலைய தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துருங்க.

டிசி வண்டின்னா டெஸ்ட் பண்ணுங்க. நானூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் போதும். இன்ஜின் ஓடணும், லைட் எரியணும், ஐடில்ல இல்லாம கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து புடிச்சிருக்கணும். பேட்டரி ரெண்டு முனையில எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் பல்பு ஹோல்டர்ல, பல்பு மாட்டி எரியறப்பவே, பின்னாடி இருந்து பாருங்க. பல்ப கழட்டிட்டு பாத்தா முழு வோல்டேஜும் காட்டும், ஏமாந்துருவீங்க, தண்ணி ஓடாத பைப்புல பிரஷர் பாக்கற மாதிரி அது. ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா உங்க வயரிங் நல்லா இருக்கு, ரிலே போட்டு பெருசா ஒண்ணும் கிடைக்காது. ஒரு வோல்ட்டுக்கு மேல இருந்தா பல்பு கடைக்கு போகாதீங்க.

ஏன் இவ்வளவு தொலையுதுன்னா, கரண்ட் போற வழிய பாருங்க. பேட்டரியில கிளம்பி ஃபியூஸ், அங்கிருந்து சாவி, சாவியில இருந்து ஹேண்டில்பார் ஸ்விட்ச், அப்புறம் டிம், பிரைட் மாத்தற டிப்பர் ஸ்விட்ச், அப்புறம்தான் பல்பு, திரும்ப எர்த் வழியா பேட்டரிக்கு. 60 வாட் பல்புக்கு 5 ஆம்ப்ஸ் போகணும். அரை ஸ்கொயர் எம்எம் வயர்ல நாலு மீட்டர் சுத்தி வந்தாலே முக்கால் வோல்ட் போயிரும், அது போக பத்து வருஷ மழையில பச்சை பூத்த ஒவ்வொரு கப்ளரும் (வயரும் வயரும் சேர்ற பிளக்கு), ஸ்விட்ச்ல தேஞ்ச ஒவ்வொரு பித்தளை முனையும் தன் பங்குக்கு கொஞ்சம் எடுத்துக்கும். அதனால ரிலே போடறதுக்கு முன்னாடியே கப்ளர் எல்லாம் கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, எர்த் வயர் சேஸ்ல மாட்டியிருக்கற போல்ட கழட்டி துருவ சொரண்டி திரும்ப மாட்டுங்க. எனக்கு அதுலயே 11.9ல இருந்து 12.4 வந்துச்சு.

இனி ரிலே. தத்துவம் சிம்பிள், ஸ்விட்ச் வழியா பெரிய கரண்ட் போக வேண்டாம், ஸ்விட்ச் ரிலேக்கு சொன்னா போதும், ரிலே பேட்டரியில இருந்து நேரா தடிமனான வயர்ல பல்புக்கு கரண்ட விடும். ரிலே காயிலுக்கு கால் ஆம்ப்ஸ் கூட வேண்டாம், அதனால உங்க ஹேண்டில் ஸ்விட்ச்சும் ரொம்ப வருஷம் ஓடும்.

எச்4க்கு ரெடிமேட் ரிலே வயரிங் கிட் கிடைக்குது, சென்னையில இருக்கறவங்க ஜி.பி. ரோட்டுல ஒரு நடை நடந்தா பத்து கடையில கேக்கலாம், மத்த ஊர்ல பெரிய ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில இருக்கும். வாங்குங்க, ஆனா மாட்டறதுக்கு முன்னாடி பிரிச்சு பாருங்க. நிறைய மலிவு கிட்ல வெளிய தடிமனா ரப்பர் இருக்கும், உள்ள செம்பு நூல் மாதிரி இருக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு இருக்கணும், ஹோல்டர் பிளாஸ்டிக்ல இல்லாம செராமிக்ல இருக்கணும். நான் கிட் வாங்கல, அந்த அண்ணன் பக்கத்துல உக்காந்து நானே பண்ணேன், ரெண்டு ரிலே, ஒரு ஃபியூஸ் ஹோல்டர், மூணு மீட்டர் வயர், ஒரு செராமிக் ஹோல்டர், கொஞ்சம் லக்கு (வயர் நுனியில அமுக்கி மாட்டற உலோக முனை), ஸ்லீவ்.

கனெக்‌ஷன் இப்படி. முதல்ல பேட்டரியில நெகட்டிவ கழட்டுங்க, இத மறந்து ஸ்பேனர் பாசிட்டிவ்லயும் சேஸ்லயும் ஒரே நேரத்துல பட்டா தீபாவளிதான். நாலு கால் ரிலே ரெண்டு எடுங்க, கால்ல 30, 87, 85, 86ன்னு நம்பர் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு 1.5 வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளயே 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ், அதுல இருந்து ரெண்டு ரிலேக்கும் 30க்கு போகணும். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல இருக்கணும்னு சொல்றதுக்கு காரணம், ஃபியூஸுக்கு முன்னாடி வயர் எங்கயாவது உரசி சேஸ்ல பட்டா அந்த ஃபியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல, வயரே ஃபியூஸா எரியும், பெட்ரோல் டேங்குக்கு அடியில. முதல் ரிலேயோட 87ல இருந்து புது ஹோல்டரோட டிம் காலுக்கு ஒரு வயர், ரெண்டாவது ரிலேயோட 87ல இருந்து பிரைட் காலுக்கு ஒரு வயர். புது ஹோல்டரோட எர்த் காலுல இருந்து நேரா பேட்டரி நெகட்டிவ்க்கே அதே தடிமன்ல வயர் இழுத்துருங்க, பாசிட்டிவ்க்கு மட்டும் தடிமன் போட்டு எர்த்த பழைய வயர்லயே விட்டா பாதி வேலைதான் பண்ணியிருக்கீங்க.

இப்ப பழைய ஹோல்டர் சும்மா தொங்கிட்டு இருக்கும். அதுல இருக்கற டிம் வயர் முதல் ரிலேயோட 86க்கு, பிரைட் வயர் ரெண்டாவது ரிலேயோட 86க்கு, ரெண்டு ரிலேயோட 85ம் எர்த்துக்கு. எந்த வயர் டிம் எது பிரைட்ன்னு கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் வேற, முன்ன வேலை பாத்த மெக்கானிக் என்ன பண்ணி வெச்சிருக்காருன்னும் தெரியாது, மீட்டர வெச்சு ஸ்விட்ச்ச மாத்தி மாத்தி பாருங்க. பழைய வயர வெட்டாம ஆண் முனை சொருகி எடுத்தீங்கன்னா நாளைக்கு நடுரோட்டுல ரிலே செத்தாலும் பழைய ஹோல்டர எடுத்து பல்புல சொருகிட்டு வீடு வந்து சேந்துரலாம். இது எனக்கு ஒரு தடவ உதவுச்சு.

அஞ்சு கால் ரிலே வாங்கிட்டீங்கன்னா ஒரு விஷயம். நடு கால்ல 87aன்னு போட்டிருந்தா அதுல வயர் மாட்டாதீங்க. அது ரிலே ஆஃப்ல இருக்கறப்ப கரண்ட் வர்ற கால். நான் அவசரத்துல அதுல மாட்டிட்டு, பேட்டரிய மாட்டுன உடனே சாவியே போடாம லைட் எரியுது, சாவி போட்டா அணையுது, பேய் புடிச்ச வண்டி மாதிரி. அந்த அண்ணன் சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

ரிலே ரெண்டையும் காலு கீழ பாக்கற மாதிரி மாட்டுங்க, மேல பாத்தா மழைத் தண்ணி உள்ள தேங்கும். ஹேண்டில் திரும்பற இடத்துல வயர் இழுபடாம கொஞ்சம் லூஸ் விடுங்க, முழுசா ரெண்டு பக்கமும் ஒடிச்சு பாத்துட்டுதான் டை கட்டணும். முறுக்கி டேப் சுத்தற ஜாயின்ட் வேண்டவே வேண்டாம், லக்கு வெச்சு அமுக்கி, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. பல்ப மாட்டறப்ப கண்ணாடிய கையால தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போயிரும், தொட்டுட்டீங்கன்னா ஸ்பிரிட்ல தொடைச்சுட்டு மாட்டுங்க.

எல்லாம் முடிச்சு மீட்டர வெச்சா எனக்கு ஹோல்டர்ல 13.5 வந்துச்சு. அதே பல்பு, அதே கிளாஸ், கணக்குப்படி வெளிச்சம் ஒன்றரை மடங்கு. மஞ்சளா மங்கிக் கிடந்த லைட் வெள்ளையாவே மாறிடுச்சு. ஒண்ணு மட்டும், பல்பு முழு வோல்டேஜ்ல எரியறதால முன்ன அளவுக்கு ஆயுசு வராது, அது நியாயம்தான்.

இதுக்கு மேலயும் வேணும்னா பல்பு. ஆஸ்ரம், பிலிப்ஸ் மாதிரி கம்பெனிங்க அதே 60/55 வாட்லயே கொஞ்சம் அதிக வெளிச்சம் தர்ற பல்பு விக்கறாங்க. டப்பாவுல நூறு பர்சன்ட், நூத்தி முப்பது பர்சன்ட்னு போட்டிருக்கறது ரோட்டுல குறிப்பிட்ட ஒரு இடத்துல அளந்த கணக்கு, மொத்த வெளிச்சம் ரெட்டிப்பாகாது. ஃபிலமென்ட் நெருக்கமா சுத்தி இருக்கறதால பீம் கூர்மையா தூரமா போகும், பதிலுக்கு ஆயுசு குறைவு. எனக்கு இது புடிச்சிருக்கு, இப்பவும் வண்டியில இதுதான்.

100/90 வாட் பல்பு புல்லட்காரங்களுக்கு பழக்கமான விஷயம். ரிலே இல்லாம அத போட்டா ஸ்விட்ச் உருகறத நானே பாத்திருக்கேன். ரிலே போட்டாலும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ரோட்டுல ஓட்டறதுக்கு அனுமதி இல்லாத பல்பு, எதிர்ல வர்றவனுக்கும் கொடுமை. இன்னொண்ணு, தூரம் ரெட்டிப்பாகணும்னா வெளிச்சம் நாலு மடங்கு வேணும். வாட்ட ரெட்டிப்பாக்குனா கண்ணுக்கு தெரியற தூரம் 1.4 மடங்குதான் கூடும். அதுக்கு காயில், பேட்டரி, ரிஃப்ளெக்டர் எல்லாத்தையும் பணயம் வைக்கணுமான்னு யோசிச்சுக்கங்க. எச்ஐடி (செனான் வாயு பல்பு) கிட் பத்தி கேட்டா, வேண்டாம்.

இப்ப எல்இடி. நான் முதல்ல வாங்குன பல்பு ஏன் அப்படி பண்ணுச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எச்4 பல்ப உத்துப் பாத்தீங்கன்னா டிம் ஃபிலமென்ட்டுக்கு கீழ ஒரு சின்ன கரண்டி மாதிரி தகடு இருக்கும். டிம் போட்டா வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட மேல் பாதியில மட்டும் பட்டு கீழ இறங்கும், கீழ் பாதியில படாம அந்தக் கரண்டி மறைச்சுக்கும், அதனாலதான் மேல் விளிம்பு கத்தி வெச்சு வெட்டுன மாதிரி இருக்கு. ரிஃப்ளெக்டர் வடிவமே ஃபிலமென்ட் எந்த மில்லிமீட்டர்ல இருக்குங்கறத வெச்சு பண்ணது. எல்இடி பல்புல சிப் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலோ, அந்தக் கரண்டி பேருக்கு இருந்தாலோ, வெளிச்சம் கண்டபடி சிதறும். செவுத்துல பளிச்னு இருக்கும், ரோட்டுல தூரம் போகாது.

அதையும் மீறி எல்இடி பல்புதான் வேணும்னா, சிப் ஃபிலமென்ட் அளவுக்கு சின்னதா மெல்லிசா இருக்கறதா பாருங்க, காலர சுழட்டி அட்ஜஸ்ட் பண்ற மாதிரி இருக்கணும், மாட்டுனதும் சிப் ரெண்டு பக்கவாட்டுல, கடிகாரத்துல மூணு மணிக்கும் ஒம்பது மணிக்கும் நேரா பாக்கணும். டப்பா லூமன நம்பாதீங்க, நல்ல எல்இடியே ஒரு வாட்டுக்கு நூறு லூமன் கிட்டதான் பல்பா வெளிய தரும், 40 வாட் பல்புல ஒரு லட்சம் லூமன்னு எழுதியிருந்தா அந்த டப்பாவ எழுதுனவருக்கு கற்பனை அதிகம். மாட்டுன அன்னைக்கே அதே செவுத்துக்கு முன்னாடி நிறுத்தி சாக்பீஸ் கோட்ட பாருங்க. மேல் விளிம்பே தெரியாம மேல எல்லாம் வெளிச்சமா இருந்தா கடைக்கு திருப்பிக் குடுத்துருங்க. பின்னாடி ஃபேன் இருக்கற பல்பு டூமுக்குள்ள காத்து இல்லாம அடைஞ்சு கிடந்தா சூடாகி தானா வெளிச்சத்த குறைச்சுக்கும், முதல் பத்து நிமிஷம் இருந்த வெளிச்சம் அரை மணி நேரம் கழிச்சு இருக்காது.

7 இஞ்ச் எல்இடி யூனிட் முழுசா மாத்தறது பல்பு மாத்தறத விட நல்ல வழி, ஏன்னா அதுல சிப்பும் லென்ஸும் ஒண்ணுக்காக ஒண்ணு பண்ணது. ஆனா ஆன்லைன்ல வாங்கறப்ப ஒரு சூது இருக்கு. அமெரிக்கா, ஐரோப்பா பெரும்பாலான நாட்டுல வண்டி வலது பக்கம் போகும், அவங்களுக்கு பண்ண லைட்ல டிம் பீம் வலது ஓரத்துல மேல ஏறும், ரோட்டோரம் பாக்கறதுக்கு. நம்ம ஊர்ல வலது பக்கம்தான் எதிர் வண்டி வருது. நமக்கு இடது ஓரம் ஏறணும், இல்லன்னா மட்டமா ஒரே நேரா இருக்கணும். எவ்வளவு காசு குடுத்து வாங்குனாலும் ஏறுற பக்கம் தப்பா இருந்தா தப்புதான். கம்பெனியில இருந்தே எல்இடி ஹெட்லைட்டோட வர்ற வண்டின்னா அத தொடாதீங்க, வாரன்ட்டியும் போகும், கூட லைட் வேணும்னா தனியா போட்டுக்கலாம்.

அந்த தனி லைட்டுதான், ஃபாக் லைட்னு கடையில சொல்றது, ஹைவேயில இல்ல காட்டு ரோட்டுல நிறைய ஓட்டறவங்களுக்கு பெரிய மாத்தம் குடுக்கும். ஆனா இத மாதிரி தப்பா பயன்படுத்தப்படற சாமான் வேற இல்ல. டவுனுக்குள்ள ரெண்டு சூரியன எரிய விட்டுட்டு வர்ற ஆள எல்லாருக்கும் தெரியும். இதுக்கு தனி ரிலே, தனி 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ், ரிலேயோட 86க்கு சிக்னல பிரைட் வயர்ல இருந்து ஒரு ஸ்விட்ச் வழியா எடுங்க. பிரைட்ல இருந்தா மட்டும் எரியும், எதிர்ல வண்டி வந்து நீங்க டிம் அடிச்சா அதுவும் சேந்து அணையும், ஒரே கட்டைவிரல் போதும். பாசிட்டிவ்ல இருந்து நேரா ஸ்விட்ச் போட்டு வெச்சா ஒரு நாள் மறந்து காலையில பேட்டரி செத்திருக்கும்.

பேட்டரின்னதும் ஞாபகம், எவ்வளவு போடலாம்ங்கறதுக்கு எல்லை இருக்கு. 40 வாட் லைட் ரெண்டு போட்டா கிட்டத்தட்ட 6 ஆம்ப்ஸ் கூடுது. உங்க காயில் எத்தனை வாட்னு மேனுவல்ல இருக்கும், ஆனா அது அதிக ஆர்பிஎம்ல தர்ற கணக்கு, டிராஃபிக்ல ஐடில்ல அவ்வளவு வராது. எல்லா லைட்டையும் போட்டுட்டு, பிரேக் புடிச்சுக்கிட்டு, ஐடில்ல பேட்டரி வோல்டேஜ பாருங்க. 13க்கு மேல இருந்தா நல்லது. 12.6க்கு கீழ இறங்கிட்டே போனா சார்ஜ் ஆகறத விட செலவு அதிகம், ஒரு லைட்ட கழட்டுங்க.

சட்டம் பத்தி கேப்பீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறத தடுக்குது. அதே வாட்ல பல்பு மாத்தறதோ ரிலே போடறதோ யார் கண்ணையும் உறுத்தாது, கண்ண கூச வைக்கிற லைட்டும் கலர் லைட்டும் செக்கிங்ல நிறுத்துனா ஃபைன்தான். முன்ன எல்லாம் ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு வெக்கச் சொல்லி புடிப்பாங்க, ஞாபகம் இருக்கா.

கலர் விஷயம் ஒண்ணு. வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல சொல்வாங்க, ஆலஜன் கிட்டத்தட்ட 3200 கெல்வின், மஞ்சள் சாயல். கடையில விக்கிற எல்இடி பெரும்பாலும் 6000, 6500, நீலம் கலந்த வெள்ளை. காஞ்ச ரோட்டுல வெள்ளை நல்லா தெரியும், ஈர ரோட்டுல எனக்கு மஞ்சள் பக்கம் இருந்தாத்தான் பள்ளம் தெரியுது, கண்ணும் சோர்வாகாது. 4300 கிட்ட கிடைச்சா அத எடுங்க. பனிமூட்டத்துக்கு மஞ்சள் லைட் ஊடுருவிப் போகும்னு சொல்றது உண்மையில்ல, பனித்துளி அளவுக்கு எல்லா கலரும் ஒண்ணுதான் சிதறும். ஊட்டி, கொடைக்கானல் பனியில உதவறது கலர் இல்ல, லைட் தாழ இருக்கறதும் மேல் விளிம்பு கூர்மையா இருக்கறதும்தான். பனியில பிரைட் போட்டா உங்களுக்கு முன்னாடி நீங்களே வெள்ளை திரை கட்டிக்கறீங்க.

எல்லாம் முடிச்சாச்சு, இப்ப எவ்வளவு ஸ்பீடுல போகலாம்னு ஒரு கணக்கு போட்டுக்கங்க. 60ல போறப்ப ஒரு செகண்டுக்கு 16.7 மீட்டர் போறீங்க. பாத்து, புரிஞ்சு, பிரேக்க தொட ஒன்றரை செகண்ட்னா அதுக்கே 25 மீட்டர், அப்புறம் நல்ல காஞ்ச ரோட்டுல நிக்க இன்னும் 23 மீட்டர் கிட்ட. மொத்தம் 48. 80ல அதே கணக்கு 74 மீட்டர். டிம் லைட்ல லைட் இல்லாத டிரெய்லர் எத்தன தூரத்துல உங்களுக்கு தெரியுதுன்னு உங்க ரோட்டுலயே பாருங்க, மைல் கல்லு, மரத்துல அடிச்ச வெள்ளைப் பட்டை எதையாவது குறி வெச்சு, தெரிஞ்ச இடத்துல நிறுத்தி, நடந்து அளந்து பாருங்க. எனக்கு ரிலேக்கு முன்ன சுண்ணாம்பு அடிச்ச புளிய மரம் நாப்பது தப்படி தூரத்துல தெரிஞ்சுது, இப்ப எழுபது தப்படி கிட்ட. அதனால அந்த ரோட்டுல நைட்ல நான் இன்னமும் அறுபத தாண்டறதில்ல.

வேலை முடிஞ்ச ரெண்டாவது நாள், ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தி ஃபியூஸ் ஹோல்டரையும் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால தொட்டு பாருங்க. எங்கயாவது சுடுதுன்னா அங்க லக்கு சரியா அமுங்கல, வெட்டிட்டு புதுசா போடுங்க. சீட்டுக்கு அடியில ஒரு 15 ஆம்ப்ஸ் ஃபியூஸும், டப்பாவோட துணியில சுத்துன ஒரு பல்பும் போட்டு வெச்சுக்கங்க. கழட்டுன பழைய பல்பே போதும், நான் அதைத்தான் வெச்சிருக்கேன்.